மூழ்கிய டீமைக் கரையேற்றிய கோச்சை நிரந்தரமாக்கலாமா? ஞாயிறு கமிட்டிக்கு முன் உங்கள் கருத்து வேண்டும்

தேவனாம்பட்டினம் 7 | செவ்வாய், இரவு 9.10

கடலூர்க்காரர்களுக்குக் கதை தெரியும், பாண்டி நண்பர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். இந்த சீசன் மாவட்ட ஃபுட்பால் லீகில் எங்கள் டீம் முதல் 4 ஆட்டங்களில் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. 3 தோல்வி, 1 டிரா. தீபாவளி முடிந்த வாரம் பழைய கோச்சை அனுப்பிவிட்டோம். வேறு ஆள் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவரிடம் போய், சீசன் முடியும்வரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று கெஞ்சிக் கூட்டிவந்தோம்.

அவர் வந்தபின் 7 ஆட்டம். 5 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. கடைசியில் கிடந்த டீம் 4ஆவதாக முடித்தது.

வரும் ஞாயிறு கமிட்டி கூடுகிறது. சென்னையிலிருந்து பெரிய லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டுவரலாம் என்பது ஸ்பான்சர் தரப்பின் விருப்பம். மாஸ்டரிடம் யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. போன சனிக்கிழமை நான் கிரவுண்டுக்குப் போனபோது வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, தானே குனிந்து பெனால்டி பாக்ஸ் கோடு போட்டுக்கொண்டிருந்தார். லீக் முடிந்துவிட்டது, இனி மேட்ச் எதுவும் இல்லை. "பசங்க வருவாங்க இல்ல?" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவர்தான் தொடரவேண்டும் என்பது என் கட்சி. ஞாயிறுவரை இழுக்காமல் இன்றைக்கே போய்ச் சொல்லவேண்டும் என்பதும்கூட. ஆனால் கமிட்டியில் பேச எனக்குக் கோபம் மட்டும் போதாது, நியாயம் வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்.

ஸ்கோர்புக் மஞ்சக்குப்பம் | செவ்வாய், இரவு 9.48

தம்பி, உங்கள் டீமின் 11 ஆட்டத்தையும் அண்ணா ஸ்டேடியம் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதியவன் என்பதால் சொல்கிறேன், வருத்தப்படவேண்டாம். முதல் 4 ஆட்டத்தில் நீங்கள் தோற்ற 3 டீம்தான் லீகில் முதல் 3 இடம் பிடித்தன. மாஸ்டர் வந்தபின் நீங்கள் எதிர்த்து ஆடிய 7 டீமில் உங்களைவிட மேலே முடித்த டீம் ஒன்றுகூட இல்லை. அட்டவணை அப்படி அமைந்தது. பழைய கோச் மேட்டில் ஏறினார், இவர் இறக்கத்தில் வந்தார்.

இது உங்கள் டீமுக்கு மட்டும் நடப்பதல்ல. பாஸ் டெர் வீல் என்ற பொருளாதார ஆய்வாளர் நெதர்லாந்து லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை எடுத்து அலசியிருக்கிறார். அடிமேல் அடி வாங்கி கோச்சை மாற்றிய டீம்களும் மீண்டன. அதே அளவு அடி வாங்கி, கோச்சை மாற்றாமல் இருந்த டீம்களும் ஏறக்குறைய அதேபோல மீண்டன. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் அன்று கஷாயம் குடித்தால், மறுநாள் காய்ச்சல் இறங்கிய பெருமை கஷாயத்துக்குப் போகும். தானாகவே இறங்கியிருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை.

மாஸ்டர் நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 7 ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுப்பது அவசரம்.

நெய்வேலி ரெட் | செவ்வாய், இரவு 10.20

அவசரத்தின் விலை என்ன என்று எங்களைக் கேளுங்கள்.

2018 டிசம்பரில் கோச் மொரீன்யோவை அனுப்பிவிட்டு சோல்ஷாரை சீசன் முடியும்வரை என்றுதான் எங்கள் மான்செஸ்டர் யுனைடெட் கூட்டிவந்தது. முதல் ஆட்டமே கார்டிஃபில் 5-1. அதையும் சேர்த்து 19 ஆட்டத்தில் 14 வெற்றி. பாரிஸில் பி.எஸ்.ஜி.யை 3-1 என்று ஜெயித்த அந்த இரவு (இங்கே விடியற்காலை 1.30க்கு ஆரம்பித்த ஆட்டம்) கூடுதல் நேரத்தில் ராஷ்ஃபோர்ட் பெனால்டியை உள்ளே அடித்தபோது, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள் என்று தலையணையை வாயில் வைத்துக் கத்தினேன். அன்றைக்கு யாராவது இவரை நிரந்தரமாக்கலாமா என்று கேட்டிருந்தால் நானே கையெழுத்து போட்டிருப்பேன்.

2019 மார்ச் 28இல் 3 வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்த சீசனில் மீதி இருந்த 10 ஆட்டத்தில் 2 வெற்றி, 2 டிரா, 6 தோல்வி. எவர்டனிடம் 4-0. கடைசி ஆட்டத்தில், ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட கார்டிஃப் ஓல்ட் ட்ராஃபோர்டுக்கே வந்து 2-0 என்று ஜெயித்தது. அதே கோச், அதே ஆட்டக்காரர்கள்.

கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டோம் என்பதுதான் என் வருத்தம். சீசன் முடிய ஒன்றரை மாதம் இருந்தது. காத்திருந்திருந்தால் எதுவும் குறைந்திருக்காது.

கன்னர் திருப்பாதிரிப்புலியூர் | செவ்வாய், இரவு 10.41

ரெட் அண்ணே, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அடுத்த சீசனில் 3ஆவது இடம், அதற்கடுத்து 2ஆவது இடம், யூரோப்பா லீக் ஃபைனல் எல்லாம் அதே சோல்ஷார்தானே? ஃபைனலில் வில்லாரியலிடம் பெனால்டியில் 11-10. ஒரு உதை வேறு மாதிரி போயிருந்தால் இன்றைக்கு நீங்கள் வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.

எங்கள் ஆர்சனல் கோச் ஆர்டெட்டாவைப் பாருங்கள். 2019 டிசம்பரில் வந்தார், 2020 ஆகஸ்டில் எஃப்.ஏ. கோப்பை. அதே வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆர்சனல் 15ஆவது இடம். மறுநாள் செல்சியை 3-1 என்று அடித்தோம், சாகா, ஸ்மித் ரோ, மார்ட்டினெல்லி என்று சின்னப் பையன்களை வைத்து. சரி, திரும்பிவிட்டோம் என்று நினைத்தால், சீசன் 8ஆவது இடத்தில் முடிந்தது. 2021 ஆகஸ்டில் முதல் 3 ஆட்டம் தோல்வி. ஒரு கோல்கூட அடிக்கவில்லை, 9 கோல் வாங்கினோம், அட்டவணையில் கடைசி. அன்றைக்கு இங்கே என்னோடு சேர்ந்து மேட்ச் பார்த்த 6 பேரில் 5 பேர் அவரைத் துரத்தவேண்டும் என்றார்கள். நான் அந்த 5 பேரில் ஒருவன். தப்பு செய்தேன். அதற்குப்பின் 5ஆவது இடம், பிறகு தொடர்ந்து 3 முறை 2ஆவது இடம்.

எனவே 7 ஆட்டத்தைப் பார்த்து வேலை கொடுப்பது அவசரம் என்றால், 7 ஆட்டத்தைப் பார்த்து ஆளை மாற்றுவதும் அவசரம்தான்.

பாகூர் பையன் | செவ்வாய், இரவு 11.02

சென்னையிலிருந்து வருபவரிடம் பெரிய லைசென்ஸ் இருக்கிறது என்கிறீர்கள். மாஸ்டரிடம் என்ன இருக்கிறது?

தேவனாம்பட்டினம் 7 | செவ்வாய், இரவு 11.09

டி லைசென்ஸ். வருகிறவரிடம் பி.

ஸ்கோர்புக் மஞ்சக்குப்பம் | செவ்வாய், இரவு 11.30

பாகூர் தம்பிக்காக: டி என்பது அகில இந்திய ஃபெடரேஷன் தருவது. அதற்கு மேலே ஆசிய ஃபெடரேஷனின் சி, பி, ஏ, அதற்கும் மேலே ப்ரோ. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போன்ற இடத்தில் தலைமை கோச்சாக உட்கார ப்ரோ வேண்டும். நம் மாவட்ட லீகுக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. லைசென்ஸ் வெறும் காகிதம் என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஒரு வாரத்தில் எத்தனை நாள் ஓடவிடவேண்டும், எத்தனை நாள் ஓய்வு, காலில் பிடிப்பு வந்த பையனை எப்போது திரும்ப இறக்கவேண்டும், இதையெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். 14 வயசுப் பையன்களை வெயிலில் 5 கிலோமீட்டர் ஓடவிட்டு முட்டியைக் கெடுத்த கோச்சுகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உப்பளம் ஹாஃப் பேக் | புதன், காலை 6.15

இரவு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க முடியவில்லை. காலையில்தான் முழுதும் படித்தேன். நான் உப்பளம் மைதானத்தில் ஆடிய காலத்தில் கோச் என்ற பதவியே கிடையாது. டீமில் வயசானவர் சொல்வதுதான் சட்டம். அதனால் லைசென்ஸ் விவகாரத்தில் நான் தலையிடவில்லை.

எங்கள் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்தே பிரெஞ்சு குடியுரிமை. அதனால் பிரான்ஸ் ஜெயித்தால் பாயசம், தோற்றால் அன்றைக்கு ரேடியோகூட கிடையாது. 2013 நவம்பர். உலகக் கோப்பைக்குப் போக உக்ரைனோடு 2 ஆட்டம். முதல் ஆட்டம் கீவ் நகரில், 2-0 என்று தோற்றோம். 4 நாளில் அடுத்தது. கோச் தேஷான் வேலை அன்றோடு போயிற்று என்று பாரிஸில் இருக்கும் என் தங்கை மகன் போனில் சொன்னான். அங்கே பேப்பர்களும் அதையேதான் எழுதுகின்றன என்றான். அங்கே நவம்பர் 19 இரவு, இங்கே விடியற்காலை 1.30. நானும் என் மனைவியும் மட்டும் விழித்திருந்தோம். 3-0. டிஃபன்ஸில் ஆடும் சாகோ, முன்னே போய் நின்று கோல் அடித்தான்.

அந்த ஒரு ராத்திரி 2-1 என்றோ 1-0 என்றோ முடிந்திருந்தால்? 2018இல் மாஸ்கோவில் குரோஷியாவை 4-2 என்று ஜெயித்த அந்த மனிதர் அங்கே இருந்திருக்கமாட்டார். 2016 யூரோ ஃபைனலும் 2022 உலகக் கோப்பை ஃபைனலும் அவர் கணக்கில் இருந்திருக்காது.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தவன் நான். 2006இல் ஃபைனல்வரை கொண்டுபோனார் என்ற நன்றிக்காக, 2008 யூரோவில் முதல் சுற்றிலேயே வெளியேறியபின்னும் கோச் தொமெனெக்கை வைத்துக்கொண்டார்கள். 2010இல் தென் ஆப்பிரிக்காவில் ஆட்டக்காரர்கள் பயிற்சிக்கே வராமல் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார்கள். உலகமே பார்த்தது. பிரெஞ்சு சட்டையை அந்த மாதம் முழுக்க நான் வெளியே போடவில்லை.

ஆக, நன்றிக்காக ஒருவரை வைத்துக்கொள்வது தப்பு. பயத்தில் ஒருவரைத் துரத்துவதும் தப்பு. தேஷானை வைத்துக்கொள்ள அந்த 3-0 காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த 4 நாளில் அவர் 11 பேரில் 5 பேரை மாற்றி இறக்கினார் என்பதைக் கவனியுங்கள். சொந்தத் தப்பை 4 நாளில் ஒத்துக்கொள்கிற கோச்சை நான் நம்புவேன். உங்கள் மாஸ்டர் எதை மாற்றினார்? அதைச் சொல்லுங்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லாமல் புள்ளிக்கணக்கை மட்டும் சொல்லிவிட்டீர்கள்.

தேவனாம்பட்டினம் 7 | புதன், மதியம் 1.40

ஐயா, நீங்கள் கேட்டது சரி. உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலாவது, நேரத்தை மாற்றினார். எங்கள் டீமில் 5 பேர் கடலுக்குப் போகிறவர்கள். விடியற்காலை 3 மணிக்குப் போட்டை எடுத்தால், திரும்பி மீனை இறக்கி வலையை உதறி முடிக்க 9, 10 ஆகிவிடும். பழைய ஏற்பாட்டில் பயிற்சி காலை 6 மணி. அந்த 5 பேரும் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார்கள், 'ஒழுக்கமில்லை' என்று பெஞ்சில் உட்காரவைக்கப்படுவார்கள். மாஸ்டர் வந்த முதல் நாள் துறைமுகத்துக்கே போய், எப்போது தூங்குவீர்கள், எப்போது எழுந்திருப்பீர்கள் என்று ஒவ்வொருத்தனையும் கேட்டுவிட்டு, பயிற்சியை மாலை 4.30க்கு மாற்றினார். அவ்வளவுதான். அந்த 5 பேரில் 3 பேர் இப்போது முதல் 11இல்.

இரண்டாவது, வலை. இதை நேரில் பார்த்தால்தான் புரியும். மைதானத்தின் குறுக்கே 2 மூங்கிலை நட்டு, பழைய மீன்பிடி வலையைக் கட்டினார். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மட்டும் கீழே இடைவெளி. அந்தப் பக்கம் 5 பேர், இந்தப் பக்கம் 5 பேர். பந்து வலைக்குக் கீழேதான் போகவேண்டும். தூக்கி அடித்தால் வலையில் சிக்கிக்கொள்ளும். சிக்கவைத்தவனே ஓடிப்போய் எடுக்கவேண்டும். முதல் நாள் 20 நிமிஷத்தில் ஒருத்தன் மட்டும் 11 தடவை ஓடினான் (நான்தான் எண்ணினேன், அது என் சொந்தத் தம்பி). 3ஆவது வாரத்தில் வலையில் பந்து படும் சத்தமே குறைந்துவிட்டது. கண்ணைத் தாழ்த்தி, இடைவெளி எங்கே என்று பார்த்துக் கொடுக்கப் பழகிவிட்டார்கள். எங்கள் டீம் இத்தனை வருஷம் ஆடியது தூக்கி அடித்துவிட்டுத் துரத்துகிற ஆட்டம். கடைசி மேட்சில் 2ஆவது கோலுக்கு முன்னால் 9 பாஸ், எல்லாமே தரையில்.

மூன்றாவது, கார்னர். ஸ்கோர்புக் அண்ணே, நீங்களே எழுதி வைத்திருப்பீர்கள், முதல் 4 ஆட்டத்தில் வாங்கிய 11 கோலில் எத்தனை கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தது?

ஸ்கோர்புக் மஞ்சக்குப்பம் | புதன், மாலை 6.05

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 11இல் 6. மாஸ்டர் வந்தபின் 7 ஆட்டத்தில் மொத்தமே 4 கோல், அதில் கார்னரில் வந்தது ஒன்று.

இதை நான் யோசிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். எதிராளி பலவீனமானவனாக இருந்தால் நாம் அதிகம் கோல் அடிப்போம். ஆனால் கார்னரில் யார் எங்கே நிற்கவேண்டும் என்பது எதிராளியைப் பொறுத்ததல்ல, அது நம் வேலை. அந்தக் குட்டையான பையனைப் பக்கத்துக் கம்பத்தோடு நிறுத்தினது யார் யோசனை?

தேவனாம்பட்டினம் 7 | புதன், மாலை 6.11

மாஸ்டருடையதுதான். "உயரமானவன் பந்துகிட்ட இருக்கணும், கம்பத்துகிட்ட நிக்கறதுக்கு உயரம் எதுக்கு" என்றார்.

சில்வர் பீச் மச்சான் | புதன், இரவு 8.30

எல்லோரும் லண்டன், பாரிஸ் என்று போகிறீர்கள். நம்ம சென்னையின் எஃப்.சி. இருக்கும்போது அவ்வளவு தூரம் எதற்கு? இந்தக் கேள்விக்கு நம் டீமைப்போல அனுபவப்பட்ட டீம் இந்தியாவிலேயே கிடையாது.

2015. லீகில் அடியில் கிடந்தோம். கோச் மாட்டராஸியை எப்போது அனுப்புவார்கள் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வரிசையாக ஜெயித்து செமிஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். அந்த மழை ஞாபகம் இருக்கிறதா? நம் மாவட்டம் முழுக்கத் தண்ணீர். எங்கள் தெருவில் இடுப்பளவு. சென்னையிலும் வெள்ளம் என்பதால் நம் சொந்த மைதானத்து செமிஃபைனலைப் புனேயில் கொண்டுபோய் ஆடினார்கள், கொல்கத்தாவை 3-0. டிசம்பர் 20 கோவாவில் ஃபைனல். 87ஆவது நிமிஷம்வரை டிராவில் இருந்த ஆட்டத்தில் கோவா 2-1 என்று முன்னே போய்விட்டது. முடிந்தது என்று நினைத்தோம். 90ஆவது நிமிஷம் அவர்கள் கீப்பர் கையில் பட்டு ஒன்று, அடுத்து மெண்டோசா ஒன்று. 3-2. வீட்டில் சேறு வழித்துக்கொண்டிருந்த மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. மறக்கவே மாட்டேன்.

மாட்டராஸியை வைத்துக்கொண்டார்கள். சரிதான். அடுத்த சீசன் 7ஆவது இடம்.

2018 மார்ச்சில் அடுத்த கோச் கிரெகரி பெங்களூரிலேயே பெங்களூரை 3-2 என்று ஜெயித்துக் கோப்பை கொண்டுவந்தார். அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். அப்போதும் வைத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த சீசனும் ஆரம்பமே சரியில்லை, 2019 நவம்பர் முடிவில் அவரே விலகினார். ஓவன் காய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்கள்தான். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ எல்லாம் கிரெகரி இருக்கும்போதே வந்தவர்கள். 4ஆவது இடம் பிடித்து, செமிஃபைனலில் கோவாவை 2 ஆட்டம் சேர்த்து 6-5 என்று தாண்டி, ஃபைனல் போனோம். 2020 மார்ச் 14, கொரோனாவால் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் 3-1 என்று தோற்றோம்.

அடுத்த சீசன் காய்ல் நம்மிடம் இல்லை. ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். 2021-22இல் லீகில் முதல் இடம் பிடிக்கும் டீமுக்குத் தரும் ஷீல்டையே அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தார், 43 புள்ளியோடு. அந்த ஷீல்டை டி.வி.யில் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிறகு 2023இல் அதே காய்லைத் திரும்பக் கூட்டிவந்தோம். முதல் வருஷம் 6ஆவது, இரண்டாவது வருஷம் 11ஆவது. அதே ஆள்தான்!

ஆக, ஒருவரை வைத்துக்கொண்டால் நல்லது, அனுப்பினால் கெட்டது என்று ஒரு விதியும் கிடையாது தம்பி. ஆனால் ஒன்று சொல்வேன். காய்ல் 2020இல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். மாட்டராஸி 7ஆவது வந்ததைப் பற்றி அப்படி யோசிப்பதில்லை. தோற்றதை மறந்துவிட முடிகிறது, செய்யாமல் விட்டது மறப்பதில்லை.

கெடிலக்கரை 10 | புதன், இரவு 10.15

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணன்மார் எல்லோரும் பார்க்கிறவர்கள் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். ஆடியவள் என்ற முறையில் ஒன்று சொல்லட்டுமா?

கடலூர் பெண்கள் ஃபுட்பால் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். இந்துமதி கதிரேசன் இந்த ஊரிலிருந்து போய்த்தான் இந்தியாவுக்கு நடுக்களத்தில் ஆடினார். அப்படி ஆட்கள் உருவாக ஒரு சீசன் போதாது. நான் 12 வயசில் ஆரம்பித்தேன். முதல் 2 வருஷம் எங்கள் சார் எங்களை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. பந்தை நிறுத்து, திரும்பு, கொடு, இதுதான். வேறு ஒரு இடத்துக்கு மாறியபோது ஒரே வருஷத்தில் 3 கோச்சைப் பார்த்தேன். ஒருவர் என்னை விங்கில் போட்டார், அடுத்தவர் பேக்கில் போட்டார், மூன்றாமவர் என் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் போய்விட்டார். அந்த வருஷம் நான் ஆட்டத்தில் ஒரு அங்குலம்கூட வளரவில்லை.

கோச் இருப்பாரா மாட்டாரா என்று தெரியாத டீமில் என்ன நடக்கும் தெரியுமா? அவர் சொல்வதைக் காதில் வாங்குவோம், காலில் செய்யமாட்டோம். அடுத்து வருபவர் வேறு சொல்வார் என்று மனசு ஒரு பக்கம் கணக்கு போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் யாரை வைத்தாலும் 2 சீசன் என்று சொல்லி வையுங்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் வைக்காதீர்கள்.

இன்னொன்று. கமிட்டியில் மாஸ்டரையே கூப்பிட்டு, அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். உங்கள் டீமில் 30 தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்குப் பதில் யார் என்று அவருக்கு ஒரு யோசனை இருக்கிறதா? ஓடுகிற டீமை நிமிர்த்துவது ஒரு வேலை, டீமை உண்டாக்குவது வேறு வேலை. இரண்டும் செய்யக்கூடியவரா என்று அவர் வாயால் கேட்டால்தான் தெரியும்.

நெய்வேலி ரெட் | புதன், இரவு 10.32

அக்கா சொன்னதுதான். சோல்ஷாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்றுதான் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

பாகூர் பையன் | வியாழன், காலை 7.50

ஒரு பெயரை யாருமே சொல்லவில்லை. நைஜல் பியர்சன். 2014-15 இங்கிலாந்து பிரீமியர் லீகில் அவர் கோச்சாக இருந்த லெஸ்டர் 140 நாள் கடைசி இடத்தில் இருந்தது. கடைசி 9 ஆட்டத்தில் 7 வெற்றி, 14ஆவது இடத்தில் முடித்தார்கள். அப்படி ஒரு மீட்சி அந்த லீகில் அபூர்வம். ஜூன் 30 அன்று பியர்சனை அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்துக்கு வெளியே நடந்த பிரச்சினைகள் நிறைய இருந்தன, அதை நான் மறைக்கவில்லை. அவர் இடத்தில் ரனியேரி வந்தார். அடுத்த வருஷம் லெஸ்டர் சாம்பியன், வாய்ப்பே இல்லை என்று 5000க்கு 1 கணக்கில் பந்தயம் வைக்கப்பட்ட டீம்.

இதை வைத்து ஆளை மாற்றினால் கோப்பை வரும் என்று ஸ்பான்சர் தரப்பு பேசலாம். ஆனால் வார்டியும் மாரெஸும் பியர்சன் காலத்தில் வந்தவர்கள். கான்டே பிறகு வந்தார். கோப்பை ரனியேரி பெயரில் இருக்கிறது, அதில் பியர்சனுக்கும் பாதி இருக்கிறது என்பது என் எண்ணம். அந்த ரனியேரியையும் 2017 பிப்ரவரியில், கோப்பை ஜெயித்து 9 மாதத்தில் அனுப்பினார்கள்.

ஸ்கோர்புக் மஞ்சக்குப்பம் | வியாழன், இரவு 9.20

நேற்றிலிருந்து யோசித்தேன். என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். 7 ஆட்டத்துப் புள்ளியை வைத்து நான் இப்போதும் எதையும் நம்பமாட்டேன். ஆனால் பயிற்சி நேரம், வலை, கார்னர், இந்த மூன்றும் புள்ளியல்ல, செய்கை. அதிர்ஷ்டத்தில் யாரும் துறைமுகத்துக்குப் போய் ஆட்களின் தூக்க நேரத்தைக் கேட்கமாட்டார்கள். 2 சீசன் கொடுங்கள். சி லைசென்ஸ் வகுப்புக்கு அவர் போக கமிட்டி பணம் கட்டட்டும். மேலே முடித்த 3 டீமோடு அடுத்த வருஷம் எப்படி ஆடுகிறோம் என்பதை நான் எழுதி வைக்கிறேன், அதைப் பார்த்துப் பேசலாம்.

தேவனாம்பட்டினம் 7 | ஞாயிறு, இரவு 10.50

இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடாமல் எழுதுகிறேன்.

கமிட்டி 3 மணி நேரம் நடந்தது. ஸ்பான்சர் தரப்பில் நினைத்ததைவிடப் பொறுமையாகவே பேசினார்கள். ஸ்கோர்புக் அண்ணன் கொடுத்த கணக்கை அப்படியே படித்துக் காட்டினேன், அட்டவணை நமக்குச் சாதகமாக இருந்தது என்பதையும் சேர்த்து. அதை நாமே சொன்னதும் எதிர்த்தவர்கள் பேச்சு பாதி குறைந்துவிட்டது. பிறகு கெடிலக்கரை அக்கா சொன்னபடி மாஸ்டரைக் கூப்பிட்டோம்.

வெள்ளை வேட்டியில் வந்தார். நான் அவரை ட்ராக் பேன்ட் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தார். 14 வயசுக்குக் கீழே 16 பையன்கள் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எந்தக் கால், எந்தப் பள்ளி, அப்பா அம்மா போன் நம்பர். டிசம்பரிலிருந்தே எழுதி வைத்திருக்கிறார். வேலை இருக்குமா என்று தெரியாத மனிதர்.

2 சீசன் என்றும், சி லைசென்ஸ் செலவு எங்களுடையது என்றும் சொன்னோம். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார். பழைய கோச்சைத் திரும்பக் கூப்பிட்டு, இந்த 16 பையன்களை அவரிடம் கொடுக்கவேண்டும். "நான் ஆடவெச்ச 11 பேரையும் பொறுக்கி எடுத்துட்டு வந்தது அவருதான். எனக்கு ஆளை ஆடவைக்கத் தெரியும், ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குத்தான் தெரியும்" என்றார். கமிட்டியில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பழைய கோச்சை அனுப்பியபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நாளைக் காலை நானும் செயலாளரும் அவர் வீட்டுக்குப் போகிறோம்.

உப்பளம் ஹாஃப் பேக் | திங்கள், காலை 6.05

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள்.

தேவனாம்பட்டினம் 7 | திங்கள், மாலை 5.30

வருகிறேன் என்றார். முதலில் அரை மணி நேரம் எங்களைத் திட்டினார், கேட்டுக்கொண்டோம். சின்னப் பையன்களுக்கு சனிக்கிழமையிலிருந்து ஆரம்பம், மாலை 4.30. பூட்ஸ் இல்லாதவர்களும் வரலாம். ஒரு உதவி: அந்த வலை நடுவில் முழுக்கக் கிழிந்துவிட்டது. யாரிடமாவது பழைய வலை இருந்தால் சொல்லுங்கள்.

சில்வர் பீச் மச்சான் | திங்கள், மாலை 5.44

எங்கள் சித்தப்பாவிடம் இருக்கிறது. கொஞ்சம் நாற்றம் அடிக்கும், ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். எத்தனை அடி வேண்டும்?